‘வெரி ஹேப்பி’க்குப் பதிலாக எதை எழுதுவது?

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களின் ஆங்கிலக் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் அநேகமாக இருக்கும். மேலே ‘பொம்பாஸ்டிக் வேர்ட்ஸ்’ என்று சிவப்பு மையில் தலைப்பு. அதன் கீழே ‘ஹேப்பி’ என்று எழுதி, அம்புக்குறி போட்டு, எலேட்டட், எக்ஸ்டேட்டிக், ஜூபிலண்ட், யூஃபோரிக், எக்ஸல்டண்ட், ஓவர்ஜாய்ட் என்று வரிசையாக இறங்கும். சில பட்டியல்களில் எதிரே தமிழ்ப் பொருளும் உண்டு. ஆறுக்கும் ஒரே பொருள்தான்: ‘மிக்க மகிழ்ச்சி’. டியூஷனில் கொடுத்தது, புலனத்தில் வந்தது, அக்காவின் பழைய நோட்டிலிருந்து எழுதிக்கொண்டது என்று அது கைமாறிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பட்டியலைப் பற்றித்தான் இந்த முறை பேசப்போகிறோம். தமிழ் ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் நம்மில் எத்தனையோ பேர் ஆங்கிலமும் சேர்த்தே போதிக்கிறோம். அதோடு, அந்த ‘மிக்க மகிழ்ச்சி’ என்ற தமிழ் விளக்கம் நம் வகுப்பறையிலிருந்து போனதுதான். சிக்கலின் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பள்ளிகளில் ‘பொம்பாஸ்டிக்’ என்றால் பாராட்டு. ‘உன் கட்டுரையில பொம்பாஸ்டிக் வேர்ட்ஸ் நெறைய இருக்கு’ன்னு சொன்னா பிள்ளை பூரிச்சுப் போயிடும். ஆனால் ஆங்கிலத்தில் அது வசைச்சொல். வெறும் ஆடம்பரம், உள்ளே ஒன்றுமில்லை என்று பொருள். ‘பொம்பாஸ்ட்’ என்பது அந்தக் காலத்தில் உடுப்பு எடுப்பாகத் தெரிவதற்காக உள்ளே திணிக்கும் பஞ்சு. அதே வேரிலிருந்துதான் தாவரவியலில் இலவ மரத்துக்கு ‘பொம்பாக்ஸ்’ என்ற பெயரும் வந்தது. இலவு காத்த கிளிக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்று நமக்குத் தெரியும்.

இப்போது ஒரு கட்டுரை. ‘மறக்க முடியாத ஒரு நாள்’ மாதிரியான தலைப்பு. ஒரு பையன் எழுதுகிறான்: அப்பாவுக்கு டெங்கிக் காய்ச்சல், ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார், அம்மா சாப்பிடவே இல்லை, பத்தாம் நாள் காலையில் அப்பா நடந்தே வீட்டுக்குள் வந்தார். இதுவரை நன்றாக இருக்கிறது. படிக்கிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படிப்பார். அடுத்த வரி: ‘ஐ வாஸ் ஜூபிலண்ட்.’

இலக்கணம் சரி, எழுத்துக்கூட்டலும் சரி. ஆனால் அந்த வரியில் பையன் காணாமல் போய்விட்டான். ஜூபிலண்ட் என்றால் வாய்விட்டுக் கூவிக் கொண்டாடுவது. லத்தீனில் ‘யூபிலாரே’ என்றால் மகிழ்ச்சியில் கூச்சலிடுதல். அது கூட்டத்துக்குரிய சொல், தெருவுக்குரிய சொல், பெரும்பாலும் வெற்றிக்குரிய சொல். உடம்பு தேறி, மெலிந்துபோய் வாசலில் நிற்கிற அப்பாவைப் பார்த்து யாரும் விசில் அடிப்பதில்லை. அந்தப் பையனுக்கு வந்தது நிம்மதி. ஆங்கிலத்தில் ‘ரிலீவ்ட்’. அதுவும் பட்டியலில் இல்லாத சொல்! அல்லது சாதாரண ‘கிளாட்’ போதும். ‘கிளாட்’ சின்னச் சொல்தான், ஆனால் அதில் ஒரு ‘அப்பாடா’ இருக்கிறது. ஏதோ நடந்துவிடுமோ என்று பயந்து, அது நடக்காமல் போனபோது ஆங்கிலேயர் வாயில் தானாக வருவது ‘கிளாட்’தான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘ஒளி வீசுகிற’ என்ற பொருள் இருந்தது. முகம் தெளிவதைத்தான் அது சொல்கிறது.

பட்டியலின் அடிப்படைத் தவறு என்னவென்றால், அது மகிழ்ச்சியை ஏணியாக நினைக்கிறது. கீழ்ப்படி ஹேப்பி, மேல்படி எக்ஸ்டேட்டிக், மேலே ஏற ஏற நிறையப் புள்ளி. ஆங்கிலச் சொற்கள் அப்படி அடுக்கப்பட்டவை அல்ல. அளவு என்பது அவற்றில் ஒரு பகுதிதான். யார் மகிழ்கிறார், எதனால், சத்தமாகவா அமைதியாகவா, நடக்கும் முன்பா நடந்த பிறகா, யாரையாவது தோற்கடித்தா என்பதெல்லாம் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் இருக்கிறது.

ஒரு நிகழ்ச்சியை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். 2016 ரியோ ஒலிம்பிக்ஸ். ஆண்கள் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் ஜோசப் ஸ்கூலிங் 50.39 வினாடியில் சுவரைத் தொட்டார். சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கம். மைக்கல் ஃபெல்ப்ஸ் உட்பட மூன்று பேர் ஒரே நேரத்தில் முடித்து வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார்கள். இதே ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொல் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

தண்ணீரில் இருந்தபடி நேரப் பலகையைத் திரும்பிப் பார்க்கிற ஸ்கூலிங்குக்கு ‘எலேட்டட்’ பொருந்தும். லத்தீனில் ‘மேலே தூக்கப்பட்ட’ என்பது அதன் வேர்ப்பொருள். சாதித்தவனுக்கு வருகிற மகிழ்ச்சி அது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமிதமும் கலந்திருக்கும். முன்பு ஆங்கிலத்தில் செருக்கையும் குறித்திருக்கிறது. ‘கால் தரையில் பாவவில்லை’ என்று நாம் சொல்வதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. தேர்வு முடிவு, பரிசு, வேலை உயர்வு இவற்றுக்கெல்லாம் எலேட்டட் கச்சிதம்.

வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெற்றோருக்கு ‘ஓவர்ஜாய்ட்’. செய்தியைக் கேட்ட அந்த நொடியில் மனம் நிரம்பி வழிவது. தன் வெற்றிக்கு மட்டுமில்லை, தன் பிள்ளையின் வெற்றிக்கும் ஓவர்ஜாய்ட் ஆகலாம். நம் ‘பூரிப்பு’ இங்கே சரியாக உட்காரும்.

சில நாள் கழித்து அவர் திறந்த பேருந்தில் ஊர்வலம் வந்தபோது சாலையோரம் நின்று கத்திய கூட்டத்துக்கு ‘ஜூபிலண்ட்’. இப்போது அந்தச் சொல்லுக்கு அதன் இடம் கிடைத்துவிட்டது. மலேசியாவிலும் 2010 டிசம்பரில் நம் காற்பந்துக் குழு சுசுகி கிண்ணத்தை வென்று, அதற்காக நாடே பொது விடுமுறை எடுத்தது ஞாபகம் இருக்கலாம். அந்த இரவின் தெருக்களும் ஜூபிலண்ட்தான்.

இனி ‘எக்ஸல்டண்ட்’. இதில்தான் கவனம் வேண்டும். லத்தீன் வேரில் ‘துள்ளிக் குதித்தல்’ இருக்கிறது. அதனால் கோல் அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டக்காரருக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அந்தத் துள்ளலில் ‘ஜெயிச்சுட்டேன் பார்’ என்ற தொனியும் சேர்ந்து வரலாம். தமிழில் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறோம்: எக்களிப்பு. ஸ்கூலிங் சிறுவனாக ஃபெல்ப்ஸுடன் நின்று எடுத்த 2008-ஆம் ஆண்டுப் படம் உலகமே பார்த்த படம். தான் அண்ணாந்து பார்த்த ஒருவரை வென்றவனின் மகிழ்ச்சியை, அந்த ஒருவரின் முன்னால் எக்களிப்பாக எழுதினால் கதையே மாறிவிடும். சுவரைத் தொட்ட நொடிக்கு எக்ஸல்டண்ட் எழுதலாம், தப்பில்லை. பக்கத்துத் தடத்துக்காரரோடு கைகுலுக்குகிற நொடிக்குக் கூடாது.

இதற்குப் பக்கத்திலேயே ‘கிளீ’ என்று ஒரு சொல் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் பலூன் பார்த்துக் குதிக்கும்போது அது கள்ளமில்லாத குதூகலம். பெரியவர்கள் யாரோ வழுக்கி விழுந்ததைப் பார்த்து ‘கிளீ’ அடைந்தால், அது நல்ல குணத்தைச் சொல்லவில்லை. கருத்துணர்தல் பகுதியில் ஒரு பாத்திரம் ஏதாவது ஒன்றை ‘கிளீஃபுல்லி’ சொன்னதாக வந்தால் உடனே முன்வரியைப் பாருங்கள். அங்கே யாருக்காவது தொல்லை நேர்ந்திருக்கும்.

வெற்றிக்குப் பிறகு ஊர் முழுக்கப் பரவுகிற மயக்கத்துக்கு ‘யூஃபோரியா’. அது மருத்துவரிடமிருந்து வந்த சொல். நோயாளிக்கு மருந்தாலோ வலி தணிந்ததாலோ வருகிற ‘நல்லா இருக்கேன்’ என்ற உணர்வைத்தான் முதலில் குறித்தது. மருந்துகளின் பக்கவிளைவைச் சொல்லும்போது இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதனால் யூஃபோரியாவில் ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது: இது நிலைக்காது, உண்மை நிலவரத்தோடு ஒட்டாமலும் இருக்கலாம். செய்தித்தாளில் ‘யூஃபோரியா அடங்கிய பிறகு’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் அடுத்து ஒரு பிரச்சினை வரப்போகிறது என்று அர்த்தம். ‘எக்ஸ்யூபரன்ஸ்’ என்பதும் அப்படித்தான். பிள்ளைகள் விளையாட்டில் வந்தால் துடிப்பு, நல்ல சொல். ஆனால் 1996 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசும்போது அதன் முன்னால் ‘இர்ரேஷனல்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார், முதலீட்டாளர்கள் கலங்கிப்போனார்கள்.

இனி ‘எக்ஸ்டேட்டிக்’. பட்டியல்களில் இதுதான் உச்சாணிக்கொம்பு. கிரேக்கத்தில் அதன் வேர் ‘தன்னை விட்டு வெளியே நிற்றல்’. இதைச் சொல்லித்தர நமக்கு அகராதியே தேவையில்லை, கையில் ‘பரவசம்’ இருக்கிறது. பரம் என்றால் பிற, வசம் என்றால் பிடி. தன் பிடி விட்டுப் போய்ப் பிறிதொன்றின் பிடிக்குள் இருப்பது. இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. தைப்பூசத்தில் காவடி எடுப்பவரின் நிலையை எழுதும்போது எக்ஸ்டேட்டிக் என்றால் சொல்லுக்குச் சொல் பொருந்தும். புது கைப்பேசி கிடைத்ததற்கும் இன்று ஆங்கிலேயர் எக்ஸ்டேட்டிக் என்று சொல்கிறார்கள்தான். அது பேச்சில் மிகைப்படுத்தல். எல்லா மகிழ்ச்சிக்கும் அதையே போட்டால், உண்மையான பரவசம் வரும்போது எழுத சொல் மிச்சமிருக்காது.

இதில் தேர்வுக்குப் பயன்படுகிற ஒரு நுணுக்கம். ‘நாட் எக்ஸாக்ட்லி எக்ஸ்டேட்டிக்’ என்று வந்தால், ‘அளவாக மகிழ்ந்தார்’ என்று பொருளில்லை. எரிச்சலில் இருந்தார் என்று பொருள். ‘நாட் ஓவர்ஜாய்ட்’ என்பதும் அப்படியே. நம்ம பாட்டி ‘ஆமா, ரொம்பத்தான் குளுந்துபோச்சு’ன்னு இழுத்துச் சொல்ற மாதிரி.

‘ரேப்ச்சர்’ என்பதற்கு வேர் ‘பறித்துக்கொண்டு போதல்’. இசையில் ஆழ்ந்துபோய் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அது பொருந்தும். ‘பிளிஸ்’ இதற்கு நேர் எதிர். துள்ளல் இல்லை, சத்தம் இல்லை, நீண்டு கிடக்கிற அமைதி. சச்சிதானந்தத்தில் உள்ள ஆனந்தத்தை மொழிபெயர்த்தவர்கள் பலரும் பிளிஸ் என்றே எழுதினார்கள். நம் பேரின்பத்துக்கு இதைவிடக் கிட்ட வேறு சொல் கிடையாது. ஆனால் ‘பிளிஸ்ஃபுல்லி அன்அவேர்’ என்று வந்தால் அங்கே பேரின்பம் இல்லை, கேலி. தலைக்கு மேல் ஆபத்து நிற்பது தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

‘திரில்ட்’ எனக்குப் பிடித்த சொல். பழைய ஆங்கிலத்தில் துளையிடுதல் என்பதிலிருந்து வந்தது. மூக்குத்துளைக்கு ஆங்கிலத்தில் ‘நாஸ்ட்ரில்’ என்கிறோமே, அதன் பிற்பாதியும் இந்தத் துளைதான். உடம்புக்குள் ஊசி போல இறங்கி மயிர்க்கூச்செறிய வைப்பது திரில். பயத்திலும் அதே கூச்செறிதல் வரும் என்பதால்தான் பேய்ப்படமும் ‘திரில்லர்’. தமிழில் புளகாங்கிதம் என்று ஒன்று இருக்கிறது. அதை யாரும் இப்போது நகைச்சுவைக்குத் தவிர எழுதுவதில்லை. இதோடு ‘எக்ஸைட்டட்’டைக் குழப்பக்கூடாது. எக்ஸைட்டட் பெரும்பாலும் நாளைக்கு. சுற்றுலாவுக்கு முந்தின இரவு தூக்கம் வராதது எக்ஸைட்டட். நல்ல செய்தி வந்து விழுந்த கணம் திரில்ட். எல்லாம் முடிந்து வீடு திரும்பிக் கால் நீட்டி உட்காரும்போது ‘கண்டென்ட்’, மனநிறைவு. ஒரே சுற்றுலாக் கட்டுரையில் இந்த மூன்றையும் அதனதன் இடத்தில் வைத்தால் அது சொல்வளம். ‘ஐ ஆம் எக்ஸைட்டிங்’ என்று எழுதும் தம்பி தங்கைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆசிரியர் ஏற்கனவே சிவப்பு வட்டம் போட்டிருப்பார்.

நம் பேச்சுத் தமிழ் போடுகிற குழிகளும் சில இருக்கின்றன. ‘ட்ரிப் ஜாலியா இருந்துச்சு’ என்று பேசிப் பழகி, ‘தி ட்ரிப் வாஸ் ஜாலி’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஜாலி பெரும்பாலும் ஆளின் குணம். தொப்பை குலுங்கச் சிரிக்கிற கிறிஸ்துமஸ் தாத்தா ஜாலி. பயணத்துக்கு அதைப் போட்டால் நூறு வருஷத்துப் பழைய கதைப் புத்தகம் மாதிரி ஒலிக்கும். ‘எஞ்சாய் பண்ணோம்’ இன்னொன்று. தமிழில் அதற்குச் செயப்படுபொருள் தேவையில்லை, ஆங்கிலத்தில் தேவை. எதை எஞ்சாய் செய்தோம் என்று சொல்லாமல் ‘வீ எஞ்சாய்ட்’ என்று முற்றுப்புள்ளி வைக்க முடியாது. மலாயில் ‘செரோனோக்’, கடைத்தெருவில் ‘ஷியோக்’ என்று நம் பிள்ளைகள் வாயில் மகிழ்ச்சி நான்கு மொழியில் ஓடுகிறது. ஷியோக் 2016-ல் ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது. அதற்காகக் கட்டுரையின் நடுவில் எழுதிவிடாதீர்கள். உரையாடல் வரியில், அதைச் சொல்லக்கூடிய ஆள் சொன்னால் அழகு.

‘வெரி’யைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹேப்பிக்கு முன் வெரி வரும். எக்ஸ்டேட்டிக், ஓவர்ஜாய்ட் இவற்றுக்கு முன் வராது. அவை ஏற்கனவே எல்லையில் நிற்கும் சொற்கள். ‘மிகவும் பேரானந்தம்’ என்று தமிழில் எழுதினால் காது உறுத்துகிறதல்லவா, அதே உறுத்தல்தான். அழுத்தம் வேண்டுமானால் ‘அப்ஸொலூட்லி’.

இதற்கு ஒரு மறுப்பு வரும். ‘புள்ளி கிடைக்க வேண்டாமா? அரிய சொல் எழுதினால்தானே உயர்ந்த படிநிலை?’ என்பது. நியாயமான கேள்வி. எஸ்பிஎம் ஆங்கில எழுத்துத் தாளைத் திருத்துவது நான்கு கூறுகளில்: உள்ளடக்கம், தொடர்பாடல் திறன், ஒழுங்கமைப்பு, மொழி. மொழிக்கூறு சொற்களின் வீச்சைப் பார்க்கிறது, உண்மைதான். அவை பொருந்தி வந்தனவா என்றும் பார்க்கிறது. தொடர்பாடல் திறன் படிப்பவரை உள்ளே இழுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்கிறது. அப்பா வீடு திரும்பிய இடத்தில் ஜூபிலண்ட் எழுதியவன் ஒரு சொல்லால் இரண்டு கூறுகளிலும் வழுக்குகிறான். மூன்றாம் பகுதிக்கு 200 முதல் 250 சொல்தான். அதில் பஞ்சு அடைக்க இடம் கிடையாது.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பட்டியலின் வலப்பக்கத் தமிழை முதலில் மாற்றுங்கள். ‘மிக்க மகிழ்ச்சி’யை அழித்துவிட்டு, ஜூபிலண்டுக்கு ஆரவாரம், எலேட்டடுக்குப் பெருமிதம் கலந்த மகிழ்ச்சி, எக்ஸல்டண்டுக்கு எக்களிப்பு, எக்ஸ்டேட்டிக்குக்குப் பரவசம், ஓவர்ஜாய்டுக்குப் பூரிப்பு என்று எழுதிக் கொடுங்கள். ஒன்றும் நூறு விழுக்காடு ஒத்துவராது, பரவாயில்லை. எங்கே ஒத்துவரவில்லை என்று பிள்ளைகள் வாதாடினால் அதுவே பாதிப் பாடம். நம்மிடம் இதற்குச் சரக்கு இல்லாமலில்லை. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் உவகையை ஒன்றாக வைத்ததோடு நிற்கவில்லை. அது எதிலிருந்து பிறக்கிறது என்று செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்காகப் பிரித்தும் காட்டுகிறது. பெருமிதத்தை உவகையோடு சேர்க்காமல் தனி மெய்ப்பாடாகவே வைத்திருக்கிறது. ‘எதனால்’ என்று கேட்கிற பழக்கம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். களிப்பு என்ற சொல்லும் அப்படித்தான்: வள்ளுவர் கள்ளுண்ணாமையில் ‘களித்தல்’ என்று சொல்வது குடிமயக்கத்தை. யூஃபோரியாவுக்குத் தமிழ் தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு நடை போய் வரலாம்.

மாணவர்களுக்கு: கருத்துணர்தலில் ‘இந்தச் சொல் அவருடைய மனநிலையைப் பற்றி என்ன உணர்த்துகிறது?’ என்று கேட்டால் ‘வெரி ஹேப்பி’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். சொல் ஜூபிலண்ட் என்றால், அவர்கள் வென்றதால் மகிழ்ந்தார்கள் என்பதையும், அதைச் சத்தமாக, வெளிப்படையாகக் கொண்டாடினார்கள் என்பதையும் எழுதுங்கள். எலேட்டட் என்றால் எதைச் சாதித்தார் என்று பத்தியிலிருந்து எடுத்துக் காட்டுங்கள். கட்டுரையில் உங்கள் சொந்த மகிழ்ச்சியை எழுதும்போது, முதலில் அந்த நேரத்தில் உங்கள் கை, கால், வாய் என்ன செய்தன என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்புறம் சொல்லைத் தேடுங்கள். ‘அப்பாவின் செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன், பேச்சு வரவில்லை’ என்று எழுதியவனுக்குப் பெரும்பாலும் அடுத்த வரியில் ஒரு ‘கிளாட்’ போதும். சில சமயம் அதுவும் வேண்டியிருக்காது.